கணவாயில் ஓர் அயலான்

ஒரு மனிதனுக்குப் பலர் பலவாறு உதவுகின்றனர். ஒருவர் உடை தருகிறார்; ஒருவர் உணவு தருகிறார்; ஒருவர் சற்றுத் தொலைவு தூக்கிச் சென்று விடுகிறார். அவர்களுள் எவரும் கல்நெஞ்சர் அல்லர். எனினும் இறுதியில் அம்மனிதன் தனியே விடப்படுகிறான். இங்கே குற்றம் யாருடையது? குற்றம் என ஒன்று இங்கே உண்டா? 'என்னால் இயன்றதைச் செய்துவிட்டேன்' என்னும் சொல் எப்போது உண்மையாகிறது, எப்போது போர்வையாகிறது?

அறநெறி இறையியலில் இது பழைய வினா. ஊருக்குள் வாழும் நமக்கு இதன் கூர்மை எளிதில் புலப்படுவதில்லை. இங்கே மருத்துவமனை உண்டு, காவல் நிலையம் உண்டு, உறவினர் உண்டு. 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று கூறிவிட இடமிருக்கிறது. இவை ஒன்றும் இல்லாத ஓரிடத்தில் இவ்வினாவை நிறுத்திப் பார்த்தால் அதன் முகம் தெளிவாகும். அத்தகைய இடம் ஒன்று இமயத்தில் உண்டு. அவ்விடத்திற்கு நம் வாசகர்களை எண்ணத்தால் அழைத்துச் செல்ல விழைகிறோம்.

கணவாய் என்னும் இடம்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரின் வடபுறத்தில், மனாங் பள்ளத்தாக்கிற்கும் மஸ்தாங் பகுதிக்கும் இடையே தோரோங் என்னும் கணவாய் உள்ளது. அதன் உயரம் 5,416 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். கீழிருந்து விரைந்து ஏறியவர்க்குத் தலைவலியும் வாந்தியும் வரும். நோய் முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிர் போகும். அதற்கு உறுதியான மருந்து ஒன்றே: தாமதமின்றிக் கீழே இறங்குதல்.

இக்கணவாயைக் கடப்போர் விடியலுக்கு முன்பே புறப்படுகின்றனர். பொழுது ஏற ஏறக் காற்று வலுக்கும். வெயிலில் பனி இளகிக் கால் புதையும். மேலே சென்றால் தங்க இடமில்லை. கணவாயில் எவரும் குடியிருப்பதில்லை. அது கடப்பதற்கு மட்டுமே உரிய இடம். கற்குவியலும் காற்றில் படபடக்கும் வேண்டுதல் கொடிகளுமே அங்குக் காண்பவை. மறுபக்கம் சுமார் 1,600 மீட்டர் இறங்கினால் முக்திநாத் என்னும் திருத்தலம். இந்துக்களும் புத்த சமயத்தாரும் ஒருங்கே போற்றும் இடம் அது. வைணவர்கள் தம் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகவும், திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற சாளக்கிராமமாகவும் அதனைக் கொள்வர். ஆகவே தமிழகத்துப் பயணிகளும் அங்குச் செல்வதுண்டு. அவர்கள் பெரும்பாலும் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே செல்வர். உயரக் கணவாய் வழியே அல்ல.

நம் திருச்சபை வரலாற்றிலும் இமயக் கணவாய்களுக்கு இடமுண்டு. 1624ஆம் ஆண்டு அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு, மனுவேல் மார்க்கேஸ் என்னும் சபைச் சகோதரருடன் ஆக்ராவிலிருந்து வடக்கே பயணமானார். பத்ரிநாத் செல்லும் பயணிகளோடு பயணியாகச் சேர்ந்து மலையேறி, 5,600 மீட்டர் உயரமுள்ள மானா கணவாயை அடைந்தார். முதல் முயற்சியில் பனி அவரை வென்றது. கை கால்கள் உறைபனியால் மரத்தன; பனியின் வெண்மை கண்களைக் கூசச் செய்து பார்வையை மறைத்தது. அவர் திரும்பி இறங்கினார். பனி உருகும்வரை காத்திருந்தார். பின்னர் மீண்டும் ஏறிக் கடந்து, மேற்குத் திபெத்தின் சாபராங் நகரை அடைந்தார். 1626ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில் அங்கே ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நற்செய்தியை அறிவித்தல் என்னும் புனித இலக்கும்கூடத் திரும்பி இறங்கிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1982ஆம் ஆண்டின் ஒரு காலை

அமெரிக்க நிதி நிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகித்த போவன் மக்காய் என்பவர் 1982ஆம் ஆண்டு நீண்ட விடுப்பில் நேபாளத்தில் மலைநடை மேற்கொண்டார். குவேக்கர் சபையைச் சேர்ந்த மானிடவியலாளர் ஒருவர் அவருடைய தோழர். ஷெர்ப்பா வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் உடன் சென்றனர். முக்திநாத்தை நோக்கி 18,000 அடி உயரக் கணவாயைக் கடப்பதே அவர்களின் அன்றைய நோக்கம். அதே காலையில் நியூசிலாந்து இளைஞர்கள் சிலர் முன்னே சென்றனர். சுவிட்சர்லாந்துத் தம்பதியரும் ஜப்பானியர் குழு ஒன்றும் அவ்வழியில் இருந்தனர்.

சுமார் 15,500 அடி உயரத்தில் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஒரு மனித உடலைத் தூக்கியவாறு இறங்கி வந்தார். அது ஓர் இந்தியத் துறவியின் உடல், உயிர் இருந்தது. காலில் செருப்பில்லை, மேனியில் ஆடை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை, குளிரால் நடுநடுங்கினார். முக்திநாத்தைத் தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் பனியில் விழுந்திருக்க வேண்டும் என்று எண்ணினர். இளைஞர் அவரை அமெரிக்கர் குழுவிடம் ஒப்படைத்தார். தம்மால் இயன்றதைச் செய்துவிட்டதாகவும், வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் உடைய அவர்களே இனிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறி, மேலே ஏறித் தம் நண்பர்களை அடைந்தார்.

மானிடவியலாளரும் சுவிஸ் தம்பதியரும் தம் பைகளிலிருந்து ஆடைகளை எடுத்துத் துறவிக்குத் தலைமுதல் கால்வரை போர்த்தினர். மக்காய் அவருடைய நாடியைப் பார்த்தார். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை எனக் கருதினார். சில ஆண்டுகளுக்கு முன்னர் எவரெஸ்ட் பகுதியில் அவருக்கே நுரையீரலில் நீர் கோத்திருந்தது. எனவே தம் உடல்நிலை பற்றிய கவலை இருந்தது. வெயில் ஏறினால் பனியில் வெட்டிய படிகள் உருகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. அவர் மேலே நடந்தார்.

பின்தங்கிய தோழர், ஜப்பானியரின் குதிரையைக் கேட்டார், கிடைக்கவில்லை. உணவும் நீரும் தந்தனர். சுமைதூக்குவோரைக் கொண்டு துறவியைக் கீழேயுள்ள குடிசைக்கு எடுத்துச் செல்லலாமா என்று வழிகாட்டிகளின் தலைவரைக் கேட்டார். அவ்வாறு செய்தால் கணவாயைக் கடக்கும் வலிமை அவர்களுக்கு எஞ்சாது என்று தலைவர் தயங்கினார். இறுதியில் ஷெர்ப்பாக்கள் துறவியைச் சுமார் 15,000 அடி உயரத்தில் வெயில் படும் ஒரு பாறைவரை தூக்கிச் சென்று அமர்த்தி, இன்னும் 500 அடி கீழே தெரியும் குடிசையைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்பினர். ஜப்பானியரின் நாயை நோக்கித் துறவி சோர்ந்த கையால் கல்லெறிந்துகொண்டிருந்தார். அதுவே கடைசியாகக் கண்ட காட்சி. அவர் பிழைத்தாரா, மாண்டாரா என்பதை அவர்கள் அறியவே இல்லை.

கணவாயின் உச்சியில் மானிடவியலாளர் நண்பரைச் சந்தித்தார். உடன்பிறப்பு ஒருவரின் சாவுக்குத் துணைபோனது எப்படி இருக்கிறது என்னும் பொருளில் அவர் கேட்ட கேள்வி மக்காயை விட்டு அகலவில்லை. 1983ஆம் ஆண்டு ஹார்வர்டு வணிக இதழில் இந்நிகழ்வை அவரே எழுதினார். அக்கட்டுரை 1997இல் மறுபதிப்பும் பெற்றது. வணிகக் கல்லூரிகளில் அறநெறிப் பாடமாகப் பயிலப்படுகிறது. தம் தரப்பை மறைக்காமல் எழுதிய அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. அவரைத் தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. அவர் எழுப்பிய வினாவை நற்செய்தியின் ஒளியில் வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

ஆளுக்கொரு பல்குச்சி

'பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை' என்பது நம் பழமொழி. பகிர்ந்தால் பாரம் குறையும் என்பது இதன் கருத்து, பெரிதும் உண்மை. ஆனால் இப்பழமொழிக்கு ஓர் எல்லை உண்டு. விறகைப் பத்தாகப் பிரிக்கலாம். மனிதனைப் பிரிக்க இயலாது. அன்று மலையில் நான்கு குழுவினரும் ஆளுக்கொரு பல்குச்சி எடுத்தனர். ஆடை கிடைத்தது, உணவு கிடைத்தது, சிறிது தொலைவு சுமக்கவும் பட்டார். தலைச்சுமையான அந்த மனிதர் மட்டும் பாறைமேலேயே எஞ்சினார்.

புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் ஈகை எப்போது கட்டளையாகிறது என்று ஆராய்கிறார். பிறருடைய தேவை வெளிப்படையானதாகவும் உடனடியானதாகவும் இருந்து, உதவ வேறொருவர் வரக்கூடும் என்ற வாய்ப்பும் தென்படாத நிலையில், ஈகை நம் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. கட்டளையே ஆகும் என்பது அவர் முடிவு. நுட்பமான வரையறை இது. ஆயினும் கணவாயில் இவ்வரையறை எவ்வாறு நழுவிவிடுகிறது என்று பாருங்கள். நியூசிலாந்தினருக்குப் பின்னால் அமெரிக்கர் இருந்தனர். அமெரிக்கருக்குப் பின்னால் ஜப்பானியர் இருந்தனர். எல்லாருக்கும் கீழே ஒரு குடிசை இருந்தது. 'வேறொருவர் வருவார்' என்பது ஒவ்வொருவருக்கும் உண்மையாகவே தோன்றியது, கடைசியாக வந்தவரைத் தவிர. கடைசியாக வந்தவரோ தாம்தான் கடைசி என்பதை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அக்குவினாவின் நிபந்தனையை நேர்மையாக ஏற்பவர், 'எனக்குப் பின் யாரேனும் உளரா?' என்று கேட்பதோடு நிற்கலாகாது. 'அவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொண்டாரா?' என்றும் கேட்டாக வேண்டும். ஒருவர் அருகில் இருப்பது வேறு. அவர் பொறுப்பேற்பது வேறு.

'இயலாது' என்னும் சொல்

இயலாத ஒன்றைச் செய்யும்படி எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அறநெறியின் அடிப்படை விதி. பாதிக் காற்றுள்ள உயரத்தில் இவ்விதி வெறும் சாக்குப்போக்கு அன்று. அங்கே அளவுக்கு மீறிய இரக்கம் இரண்டாவது பிணத்தை உண்டாக்கும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் இரண்டு நாளில் இமயத்தை எட்டிப் பெரும்பனியாய்க் கொட்டியபோது, தோரோங் கணவாய்ப் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மலைநடையாளர், வழிகாட்டிகள், மேய்ப்பர்கள் எனப் பலரும் இருந்தனர். மலையின் கடுமையைக் கருதாமல் சமவெளியில் அமர்ந்துகொண்டு அறம் பேசுவது எளிது.

ஆனால் அன்று சொல்லப்பட்ட 'இயலாது' என்பதைச் சற்று உற்றுநோக்குவோம். துறவியைக் குடிசைவரை தூக்கிச் சென்றால் சுமைதூக்குவோருக்கு வலிமை எஞ்சாது என்றனர். எதற்கு எஞ்சாது? கணவாயைக் கடப்பதற்கு. அன்று கடப்பதில்லை என முடிவு செய்திருந்தால், அதே வலிமை அவரைக் கீழே கொண்டு செல்லப் போதியிருக்கும். அதாவது 'இயலாது' என்பதன் முழு வாக்கியம், 'நாம் திட்டமிட்டபடி மேலே செல்லவும் வேண்டுமானால், இயலாது' என்பதே. வாக்கியத்தின் முதற்பாதி எவர் வாயிலும் வரவில்லை. எல்லாரும் அதனை மாற்ற முடியாத இயற்கை விதிபோல் எடுத்துக்கொண்டனர். அந்திராதே அடிகளாரின் நற்செய்திப் பயணமே மானா கணவாயில் திரும்பி இறங்க முடிந்ததெனில், விடுப்புக்காலத்து மலைநடை ஒன்று திரும்பி இறங்கியிருக்கலாகாதா?

2006ஆம் ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தின் வடமுகத்தில் நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இதனை மேலும் விளக்கும். சிகரத்திற்குக் கீழே ஒரு குகையில் டேவிட் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் உறைந்து உயிர் துறந்தார். அன்று ஏறத்தாழ 40 பேர் அவரைக் கடந்து சென்றதாகச் செய்திகள் கூறின. அவரைக் காத்திருக்க முடியுமா என்பதில் மலையேறுவோரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. முதன்முதலில் அச்சிகரத்தை எட்டிய இருவருள் ஒருவரான எட்மண்ட் ஹிலாரி இப்போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். பதினைந்து நாளுக்குள், அதே முகட்டில், இறந்துவிட்டதாகக் கருதிக் கைவிடப்பட்ட லிங்கன் ஹால் என்னும் ஆஸ்திரேலியர் ஓர் இரவு முழுவதும் தனியே கிடந்து, காலையில் உயிரோடு காணப்பட்டார். கண்டவர்கள் டேன் மசூர் தலைமையில் ஏறிக்கொண்டிருந்த சிறு குழுவினர். தெளிந்த வானம், சிகரம் சில மணி நேரத் தொலைவில் இருந்தது. அவர்கள் நின்றனர், சிகரத்தைக் கைவிட்டனர், ஆட்கள் மேலே வந்து சேரும்வரை அவரோடு இருந்தனர். ஹால் பிழைத்தார். இரு நிகழ்வுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நியாயமன்று. இருவருடைய உடல்நிலையும் வேறு வேறாக இருந்திருக்கலாம். ஆயினும் ஒன்று தெளிவு: தம் இலக்கை விட்டுவிடத் துணிந்தவர்க்கே 'எது இயலும்' என்பது உண்மையாகப் புலப்படுகிறது. இலக்கை இறுகப் பற்றியிருப்பவருக்கு இயல்வதும் இயலாததாகவே தோன்றும்.

இது மலையேறுவோருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரைக் கொண்டு டார்லி, பேட்சன் என்னும் உளவியலாளர்கள் நடத்திய சோதனை ஒன்று 1973இல் வெளியாயிற்று. மாணவர்கள் சிறு உரை ஆற்றுவதற்காக ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் இருமி முனகியவாறு சுருண்டு கிடந்தார். நேரம் மிச்சமிருப்பதாகக் கூறி அனுப்பப்பட்டவருள் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். தாமதமாகிவிட்டது, விரைந்து செல்க என்று அனுப்பப்பட்டவருள் 10 விழுக்காட்டினரே நின்றனர். அவர்களுள் பாதிப் பேர் உரையாற்றச் சென்ற பொருள் நல்ல சமாரியர் உவமை! குருத்துவப் பயிற்சி பெற்ற நம்மைப் போன்றோர் இந்த எண்களை அடிக்கடி நினைவுகூர்தல் நலம். இரக்கத்தைக் கொல்வது பெரும்பாலும் வெறுப்பன்று, விரைவு.

யாருடைய தோள்?

இன்னொரு முடிச்சும் இதில் உண்டு. துறவியைத் தூக்க வேண்டும் என்று விரும்பியவர் ஒருவர். தூக்க வேண்டிய தோள்களோ கூலிக்கு வந்த ஏழைகளுடையவை. நம் இரக்கத்தைப் பிறர் முதுகில் ஏற்றிவிட்டு நாம் புண்ணியம் ஈட்டலாமா? வழிகாட்டிகளின் தலைவர் தயங்கியது கொடுமையால் அன்று. தம் ஆட்களின் உயிருக்கு அவர் பொறுப்பாளி. அவருடைய தயக்கமும் ஒருவகைப் பிறரன்பே.

கணவாயில் உயிர் துறப்போர் அனைவரும் அயல்நாட்டுப் பயணிகள் என்று எண்ணவேண்டா. 1997இல் இளம் சுமைதூக்குவோர் ஒருவர் உயர்மலை நோயால் நலிந்தபோது, அவருடைய கூலி தீர்க்கப்பட்டுத் தனியே கீழே அனுப்பப்பட்டார். முப்பது மணி நேரத்தில் இறந்தார். அச்சாவு மனச்சான்றுள்ளோர் சிலரை உலுக்கியதன் விளைவாகவே சுமைதூக்குவோர் பாதுகாப்புக்கெனப் பன்னாட்டுக் குழு ஒன்று தோன்றியது. அவர்களுக்கும் தக்க உடையும் காலணியும் உறைவிடமும் மருத்துவமும் வேண்டும். நோயுற்றவரைத் தனியே இறங்க விடலாகாது என்பன அக்குழுவின் கோரிக்கைகள். பனியில் கிடந்த துறவிக்காகக் கண்ணீர் விடும் நாம், நம் மூட்டையைச் சுமந்து பின்னால் வருபவரின் காலைத் திரும்பிப் பார்த்தோமா? நீதி இல்லாத இடத்தில் இரக்கம் தடுமாறும் என்பதை மலை நமக்குக் கற்பிக்கிறது.

அம்மானிடவியலாளர் எழுப்பிய மற்றொரு வினாவும் ஈண்டு எண்ணத்தக்கது. கிடந்தவர் ஓர் ஐரோப்பியப் பெண்மணியாகவோ, நன்கு உடுத்திய செல்வராகவோ இருந்திருந்தால் அனைவரும் இவ்வாறே நடந்திருப்பார்களா? விடை நமக்குத் தெரியும். துறவிக்கு அவர்கள் மொழி தெரியாது. அவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. உலகைத் துறந்தவர்தாமே, தாமாக ஏற்ற துன்பந்தானே என்று கூறுவாரும் உளர். உடைமையைத் துறந்தவர், கைவிடப்படுவதற்கு இசைவு தந்தவர் ஆகார். அவருடைய உள்ளம் என்ன வேண்டியது என்பதை எவரும் அறிந்திலர். அறியாத இடத்தில் உயிரின் பக்கம் சாய்வதே முறை.

எரிகோ சாலை

இனி நற்செய்தியாளர் லூக்கா வரைந்துள்ள உவமைக்கு வருவோம். அதுவும் மலைவழிதான். எருசலேம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. எரிகோ கடல்மட்டத்திற்கும் கீழே சுமார் 250 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் ஆயிரம் மீட்டர் இறக்கம். பாறைகளும் பள்ளங்களும் நிறைந்த ஆளரவமற்ற சாலை. குருவும் லேவியரும் ஒதுங்கிச் சென்றனர். சமாரியர் நின்றார்.

நம் மறையுரைகளில் பெரும்பாலும் அவர் நின்றதோடு நிறுத்திவிடுகிறோம். நம் கணவாய் வினாவுக்கு விடை அதற்குப் பின்வரும் அடிகளில் இருக்கிறது. சமாரியர் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார், அது முதலுதவி. அன்று மலையிலும் அதற்கு நிகரானது நடந்தது. அடுத்து, தம் விலங்கின்மீது அவரை ஏற்றினார். அப்படியானால் தாம் நடந்தார். சத்திரத்திற்குக் கொண்டு சென்றார். அந்த இரவு அவரைக் கவனித்துக்கொண்டார். அதாவது அவருடைய பயணம் ஒரு நாள் தடைப்பட்டது. ஆனால் மறுநாள் என்ன செய்தார்? தம் வழியே புறப்பட்டுப் போனார்!

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். நல்ல சமாரியரும் எல்லாவற்றையும் தாமே செய்துவிடவில்லை. தம் தொழிலை விட்டுவிடவில்லை. காயமுற்றவர் நலம் பெறும்வரை மாதக்கணக்கில் அமர்ந்திருக்கவில்லை. அவரும் ஒப்படைத்தார். எனில் நியூசிலாந்து இளைஞர் ஒப்படைத்ததற்கும், ஷெர்ப்பாக்கள் பாறையில் அமர்த்தியதற்கும், சமாரியர் ஒப்படைத்ததற்கும் வேறுபாடு என்ன? மூன்று வேறுபாடுகளைக் காண்கிறோம். சமாரியர் ஒப்படைத்தது பொறுப்பேற்றுக்கொள்ளும் ஒரு மனிதரிடம். வழியில் எதிர்ப்பட்டவரிடம் அன்று, பாறையிடமும் அன்று. ஒப்படைத்தபோது தம் கையிலிருந்து இரு தெனாரியத்தை எடுத்து வைத்தார். அடுத்தவரின் சுமையில் தம் பங்கு தொடர்ந்தது. மூன்றாவதாக, திரும்பி வருவதாக வாக்களித்தார். மேலும் செலவானால் தருவதாகக் கணக்கைத் திறந்தே வைத்தார். அவர் அகன்றபின்னும் காயமுற்றவர் கைவிடப்பட்டவர் ஆகவில்லை.

ஒப்படைத்தல் அன்பின் செயலாக இருக்கலாம்; விட்டுச்செல்லுதலின் அழகிய பெயராகவும் இருக்கலாம். 'திரும்பி வந்து கேட்பேன்' என்னும் வாக்கே இரண்டையும் பிரிக்கும் கோடு. துறவி பிழைத்தாரா என்பதை எவரும் இறுதிவரை அறியாதது தற்செயலன்று. திரும்பி வந்து கேட்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. ஆதலால் அறியவும் வழியில்லாமல் போயிற்று.

எனவே, எல்லையற்ற கடமையைச் சுமந்து நசுங்கும்படி நற்செய்தி நம்மைக் கேட்கவில்லை. பயணத்தை நிரந்தரமாகக் கைவிடும்படியும் கேட்கவில்லை. ஒரு நாள் தாமதத்தையும், இரு தெனாரியத்தையும், ஒரு வாக்கையும் கேட்கிறது. அஞ்சுவோருக்கு இது ஆறுதல். நழுவுவோருக்கு இது தீர்ப்பு.

சத்திரம் யாருடையது?

சமாரியருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: அச்சாலையில் ஒரு சத்திரம் இருந்தது. கணவாயில் அத்தகைய சத்திரம் இல்லை. எட்டாத தொலைவில் ஒரு குடிசைதான் தெரிந்தது. தனிமனிதரின் இரக்கம் எவ்வளவு பெரிதாயினும், அதனைப் பெற்றுத் தொடர ஓர் அமைப்பு இல்லையெனில் அது பாறையில் முடிந்துவிடும். மக்காய் தம் கட்டுரையில் வந்தடைந்த இடமும் இதற்கு அண்மையதே: முன்னரே ஒன்றுபட்ட விழுமியங்களும் முடிவெடுக்கும் முறையும் இல்லாத ஒரு கூட்டம், நெருக்கடியில் நல்லெண்ணமுள்ள தனியாள்களாகச் சிதறிவிடுகிறது. 1973இல் நிறுவப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் மனாங்கில் மருத்துவ உதவி நிலையம் ஒன்றைப் பயணப் பருவங்களில் நடத்திவருவது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஏறிச் செல்வோருக்கு உயர்மலை நோயின் அறிகுறிகளை முன்கூட்டியே விளக்கிச் சொல்வதும் அவர்கள் பணி. நெருக்கடி வருமுன் கட்டப்பட்ட சத்திரம் அது.

திருச்சபைத் தந்தையர் அவ்வுவமையின் சத்திரத்தைத் திருச்சபையாகக் கண்டனர். புனித அகுஸ்தினும் அவ்வாறே விளக்குகிறார். கிறிஸ்துவே சமாரியர், காயமுற்ற மனித குலத்தை நம்மிடம் ஒப்படைத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்றிருக்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட தம் சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதையும் இவ்வுவமைக்கே அளித்ததும், நாம் அனைவரும் ஒரே வழியில் செல்வோர் என்பதை நினைவூட்டவே.

அப்படியானால் நம் பங்குத்தளம் சத்திரமா, கணவாயா? இவ்வினாவை நம் வாசகர்கள்முன் பணிவுடன் வைக்கிறோம். பங்கில் ஒரு குடும்பத்தலைவர் படுத்த படுக்கையாகிறார் எனக் கொள்வோம். அன்பியத்தார் அரிசி தருகின்றனர். வின்சென்ட் தே பவுல் சபையார் மருந்துக்குப் பணம் தருகின்றனர். இளைஞர் குழு ஒருமுறை பார்த்து வருகிறது. குருவானவர் நோயில்பூசுதல் அளித்துவிட்டு அடுத்த திருப்பலிக்கு விரைகிறார். எல்லாரும் கொடுத்தனர், எவரும் குறைசொல்லத் தக்கவர் அல்லர். ஆனால் மருத்துவமனைக்கு அவரோடு வண்டியில் ஏறி அமர்பவர் யார்? அடுத்த வாரம் மனைவியிடம், 'மருத்துவர் என்ன சொன்னார்?' என்று கேட்பவர் யார்? அவ்வொருவர் இல்லையெனில், நாம் அவரை வெயில் படும் பாறைவரை தூக்கிச் சென்று குடிசையைச் சுட்டிக்காட்டியிருக்கிறோம், அவ்வளவே.

இதற்குத் தேவைப்படுவது பெருநிதியன்று. ஒவ்வொரு துன்பத்திற்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வழக்கம் ஒன்று போதும். மற்றவர்கள் அவருக்குத் தோள் கொடுப்பார்கள். அப்போது பல்குச்சிகளும் பயன்படும். பலர் பங்களிப்பும் ஒருவர் பொறுப்பும் சேரும்போதுதான் தேர் நிலை சேரும்.

துறவியின் பெயரை உலகம் அறியாது. அவர் குடிசையை அடைந்திருக்கலாம். அடுப்பருகே யாரோ ஒரு மலைவாழ் தாய் அவருக்குச் சூடான தேநீர் தந்திருக்கலாம் என்று நம்ப நாம் விரும்புகிறோம். ஆனால் நம் விருப்பம் அவரைக் காக்கவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்கள் வீடுகளும் தெரியும். சத்திரத்தின் தலைவர் திரும்பி வரும்போது, எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் கேட்கப்போவதில்லை. அவர் ஒப்படைத்துச் சென்ற மனிதர் எங்கே என்றுதான் கேட்பார்.